தோசைக்கல்லில் தொடங்குங்கள்: மாணவர்களைப் பொருளறிவியலுக்கும் உற்பத்தித் தொழிலுக்கும் அழைத்துவர ஒரு வழிகாட்டி

வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாக உடைந்துவிடும். அதே உயரத்திலிருந்து இரும்பு வாணலி விழுந்தால் விளிம்பு சற்று நெளியுமே தவிர உடையாது. இரண்டும் இரும்புதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தோசைக்கல் கனமானது என்பார்கள் சிலர்; அது மட்டமான இரும்பு என்பார்கள் வேறு சிலர். சூடாக இருக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றாதே என்று அம்மா திட்டுவார் என்று யாராவது ஒருவர் நினைவுபடுத்துவார். அந்த இடத்தில் வகுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

விடையைச் சொல்ல ஒரு பென்சில் போதும். தோசைக்கல்லின் இரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கரி இருக்கிறது. உருகிய இரும்பு உறையும்போது அந்தக் கரியின் பெரும்பகுதி, பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்டாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக இரும்புக்குள் எங்கும் பரவி நிற்கும். ஒவ்வொரு தகடும் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒரு விரிசலைப் போன்றது. அடி விழுந்ததும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடைப்பு ஓடிவிடுகிறது. வாணலி செய்யும் தகட்டிரும்பில் கரி மிகக் குறைவு என்பதால் அது நெளிந்து தப்பித்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கிராஃபைட் தகடுகளைக் குறை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அதிர்வை உள்வாங்கிக்கொள்வதும் அவைதான், கடைசல் வேலையை எளிதாக்குவதும் அவைதான். லேத் இயந்திரத்தின் அடித்தளமான படுக்கையை இன்றும் வார்ப்பிரும்பில் செய்வது அதனால்தான். ஒரு பொருளின் குறையே வேறோர் இடத்தில் அதன் நிறையாக மாறுவதை வீட்டுப் பாத்திரத்தை வைத்தே காட்டிவிட்டால், இந்தத் துறையின் பாதியை அறிமுகம் செய்தாயிற்று.

நான் கோவையில் ஒரு பவுண்டரியின், அதாவது உலோக வார்ப்பு ஆலையின், தரப் பரிசோதனைக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடந்த சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று வருகிறேன். ஆசிரியர்கள், தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் என மாணவர்களை இந்தத் துறைக்கு அழைத்துவர விரும்பும் எவருக்கும் பயன்படக்கூடும் என்பதற்காக, அந்த அனுபவத்தில் கற்றதை எழுதுகிறேன். என் அனுபவத்தில் முதன்மையானது இதுதான்: பொருளை முதலில் கையில் கொடுக்க வேண்டும், வேலைவாய்ப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவன்.

துறையின் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. பொருளறிவியல் என்று சொன்னதும் பாதிப் பேர் காதில் பொருளியல் என்று விழுகிறது. வணிகவியல் பிரிவு மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், மற்றவர்கள் சாய்ந்துகொள்வார்கள். உலோகவியல் என்றால் ஓரளவு புரியும், ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், கண்ணாடி, பீங்கான், பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள்கள் எல்லாம் அந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே முதல் சந்திப்பில் துறையின் பெயரையே சொல்லாதீர்கள். எது எதனால் ஆனது, ஏன் அதனால் ஆனது, அதை எப்படிச் செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளோடு நுழையுங்கள். பெயர் இரண்டாவது வாரம் வரட்டும்.

ஊசிச் சோதனை

கையில் கொடுக்கக்கூடிய சோதனைகளில் இதற்கு நிகரான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. தேவையானவை சற்றுத் தடித்த நான்கு தையல் ஊசிகள், ஒரு நீண்ட குறடு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு துண்டு உப்புத்தாள், எரிவாயுச் சுடர், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. கோணி ஊசியும் பயன்படும், ஆனால் அதன் தடிமனுக்குச் சமையல் அடுப்பின் சுடர் போதாமல் போகலாம். மலிவான ஊசிகளில் சில மென்மையான இரும்பில் செய்யப்பட்டவை. அவற்றை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் விட்டாலும் கெட்டிப்படாது. வகுப்பில் நின்று விழிக்காமல் இருக்க, முதல்நாள் இரவே வீட்டில் ஒன்றைச் சோதித்துவிடுவது நல்லது.

முதல் ஊசியை ஒன்றும் செய்யாமல் ஒரு மாணவரிடம் கொடுத்து, துணியில் சுற்றிப் பிடித்து மெல்ல வளைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வரும். இரண்டாவதைச் செக்கச் சிவக்கும்வரை காய்ச்சி, சுடரின் ஓரத்துக்கு நகர்த்தி, மிக மெதுவாக வெளியே எடுத்து ஆறவிடுங்கள். அது இப்போது மெல்லிய கட்டுக்கம்பியைப் போல வளைத்த இடத்திலேயே நிற்கும். மூன்றாவதை அதே அளவு சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் விடுங்கள். சுடருக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஒரு சாண் தூரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊசி மெல்லியது என்பதால் போகிற வழியிலேயே ஆறிவிடும், சோதனை தோற்றுவிடும். சரியாகச் செய்திருந்தால், அந்த ஊசியை வளைக்கத் தொடங்கியதுமே டக்கென்று கண்ணாடித் துண்டைப் போல ஒடியும். ஒடியும் நேரத்தில் எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

நான்காவது ஊசிதான் உண்மையான பாடம். அதையும் காய்ச்சித் தண்ணீரில் விட்டபின், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்கு மேலே உயரத்தில் பிடித்து இதமாகச் சூடாக்குங்கள். தேய்த்த பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் தோன்றும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் மயில்கழுத்து நீலம். மஞ்சள் தெரியும்போது சூடு ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ். நீலம் வரும்போது 300 டிகிரிக்குப் பக்கம். இந்த நிறங்கள் சாயம் அல்ல, எஃகின் மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் தடிமன் மாறுவதால் ஒளி காட்டும் வேடிக்கை. நீலம் வந்ததும் எடுத்து ஆறவிட்டு வளைத்தால், ஊசி ஒடியாமல் வில்லைப் போல வளைந்து மீளும். வெப்பமானி எதுவும் இல்லாமல், நிறத்தைப் பார்த்தே கொல்லர்கள் உளிக்கும் அரிவாளுக்கும் பதம் பார்த்தது இப்படித்தான்.

நான்கு ஊசிகளும் ஒரே பொட்டலத்தில் வந்தவை, ஒரே எஃகு, ஒரு துளி கூட எதையும் சேர்க்கவோ எடுக்கவோ இல்லை. அப்படியானால் எது மாறியது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் குறைந்தது ஒரு நிமிடமாவது வாய் திறக்காமல் இருங்கள். 727 டிகிரிக்கு மேல் இரும்பின் அணுக்கள் தம் அடுக்குமுறையை மாற்றிக்கொள்கின்றன என்பதையும், அந்தப் புதிய அடுக்கில் கரி அணுக்கள் தாராளமாக இடம் பிடிக்கின்றன என்பதையும், சட்டென்று குளிர்வித்தால் அவை வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொண்டு அடுக்கையே இறுக்கிவிடுகின்றன என்பதையும் அதன்பிறகு சொல்லலாம். இறுகிய அந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். நெரிசலான பேருந்தில் கதவு மூடிக்கொண்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் நிலை என்று ஒரு மாணவி விளக்கினாள். நான் அதன்பிறகு வேறு உவமை தேடவில்லை.

துத்தநாகம் பூசிய கம்பியையோ ஆணியையோ இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தவே கூடாது. சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அடுத்து எவர்சில்வர். பழைய கணினி வன்தட்டிலிருந்து எடுத்த சிறிய, வலுவான காந்தம் ஒன்றும், மாணவர்கள் மதிய உணவுக்குக் கொண்டுவரும் தூக்குவாளிகள், டம்ளர்களும் இருந்தால் போதும். சிலவற்றில் காந்தம் எங்கும் ஒட்டும். அவை நிக்கல் இல்லாத வகை. சிலவற்றின் அடிப்பகுதியில் ஒட்டவே ஒட்டாது, ஆனால் அடியும் பக்கமும் சேரும் வளைவில் மட்டும் லேசாக இழுக்கும். ஒரே தகட்டில் அழுத்திச் செய்த டம்ளரில் ஓரிடத்தில் காந்தத்தன்மை எங்கிருந்து வந்தது? அச்சில் வைத்து அழுத்தும்போது தகடு அதிகமாக இழுபட்ட இடத்தில் அணுக்களின் அடுக்கு மாறி, ஊசியில் பார்த்த அதே மார்ட்டென்சைட் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று அங்கே பிறந்திருக்கிறது. முதலில் சூடும் குளிர்ச்சியும் செய்ததை, இங்கே வெறும் இழுவிசை செய்திருக்கிறது. பத்து ஆண்டுகளாகத் தண்ணீர் குடித்த டம்ளரை ஒரு மாணவர் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருந்தாலே போதும்.

செய்முறையைக் காட்டுவது

பொருளின் குணம் ஒரு பக்கம், அதை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது மறுபக்கம். இந்த இரண்டாவது பக்கம் பள்ளிப் பாடத்தில் அநேகமாக இல்லை. ஒரு கொட்டாங்கச்சியில் உருக்கிய மெழுகை நிரம்ப ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்தபின் நடுவில் குழி விழுந்திருக்கும். உருகியது உறையும்போது சுருங்குகிறது, ஓரம் முதலில் உறைந்துவிடுவதால் கடைசியில் உறையும் நடுப்பகுதிக்குப் பற்றாக்குறை வருகிறது. அலுமினியம் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. அந்தக் குழி மோட்டார் உறையின் நடுவே விழுந்தால் அந்த வார்ப்பு கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். குழி விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று மாணவர்களையே கேளுங்கள். மேலே இன்னும் கொஞ்சம் மெழுகு ஊற்றி வைத்தால் அது இறங்கி நிரப்பாதா என்று யாராவது கேட்பார்கள். பவுண்டரிக்காரர்கள் ரைசர் என்று அழைப்பது அதைத்தான். தங்கள் நண்பர் ஒருவர் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று வகுப்பில் அறிவித்துவிடுங்கள். அச்சுவெல்லமும் கருப்பட்டியும் வார்ப்புத் தொழில்தான் என்பதையும், பாகின் பதம் தவறினால் என்ன ஆகும் என்பது அந்த வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு பயிற்சிக்கு அரை அங்குலப் பி.வி.சி. குழாயும், ஹேக்சா ரம்பமும், நீளத்தைத் துல்லியமாக அளக்கும் ஒரு வெர்னியரும் வேண்டும். பத்துப் பேரை அழைத்து, ஒவ்வொருவரும் சரியாக 50 மில்லிமீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டட்டும். அளந்து, அளவுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 48 இருக்கும், 53 இருக்கும், சாய்வாக வெட்டியதால் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 51 என்று இருக்கும். யாரையும் கேலி செய்ய விடாதீர்கள். பிறகு ஒரு மரப்பலகையில் ஒரு கட்டையை ஆணியடித்து நிறுத்தி, குழாயின் முனை அதில் முட்டும்படி வைத்து, ரம்பம் ஓட ஒரு பள்ளமும் அமைத்துக் கொடுத்து, மீண்டும் வெட்டச் சொல்லுங்கள். அளவுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். கைத்திறன் அரைமணி நேரத்தில் கூடிவிடவில்லை. திறமையைப் பலகைக்குள் வைத்தாகிவிட்டது. இதற்கு ஜிக் என்று பெயர், உற்பத்திப் பொறியாளரின் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பலகைகளை யோசிப்பதுதான். மைக்ரோமீட்டர் ஒன்று கிடைத்தால் தலைமுடியை அளக்கச் சொல்லலாம். அநேகமாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும். அந்த முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடினாலோ குறைந்தாலோ தள்ளுபடியாகிவிடும் உதிரிபாகங்கள் அம்பத்தூரிலும் ஓசூரிலும் நாள்தோறும் செய்யப்படுகின்றன என்று சொன்னால், அதுவரை சும்மா இருந்த பையன் கூட அளவுகோலை வாங்கிப் பார்ப்பான்.

பெருமை பேசுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் எஃகு செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய எஃகு ஊட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போய், மின்காந்தத்துக்காகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே 1819 இல் அதைப் பகுத்தாய்ந்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். விமான எஞ்சினின் டர்பைன் தகடுகளை வார்ப்பதும் அடிப்படையில் இதே மெழுகு முறைதான் என்பது மாணவர்களை உண்மையிலேயே வியக்க வைக்கும். ஆனால் அரைமணி நேரம் பழம்பெருமை பேசினால், எல்லாவற்றையும் முன்னோரே செய்து முடித்துவிட்டார்கள், நமக்கு என்ன மிச்சம் என்ற முகத்தோடுதான் பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். கோவை ஜி.டி. நாயுடுவின் கதையை நான் வேறு காரணத்துக்காகச் சொல்வேன். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கியவர், ஓட்டி மகிழ்ந்ததோடு நிற்காமல் அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். வீட்டில் கெட்டுப்போன மிக்சியைக் குப்பையில் போடுவதற்கு முன் பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்ல அந்தக் கதை உதவும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லுதல்

நான் ஏற்பாடு செய்த முதல் தொழிற்சாலைப் பயணம் படுதோல்வி. 62 மாணவர்கள், ஒரே ஒரு மேற்பார்வையாளர், காதைப் பிளக்கும் இரைச்சல். முன்வரிசையில் நின்ற பத்துப் பேருக்கு மட்டும் அவர் பேசியது கேட்டது. மற்றவர்கள் நடந்தார்கள், வேர்த்தார்கள், கடைசியில் கேண்டீனில் தேநீரும் பன்னும் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து எழுதச் சொன்னபோது பெரும்பாலோர் எழுதியது பன்னைப் பற்றித்தான். தவறு அந்த ஆலையுடையது அல்ல, என்னுடையது.

இப்போது ஒரு குழுவுக்கு 15 பேருக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. உள்ளே போவதற்கு முன்பே, சத்தம் இல்லாத ஓர் அறையில் உட்காரவைத்து, அந்த ஆலை செய்யும் ஒரே ஒரு பாகத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பம்ப் உறை, பிரேக் டிரம், எதுவானாலும் சரி. பிறகு அந்தப் பாகம் மணல் அச்சிலிருந்து பெட்டிக்குள் போகும்வரை எந்தெந்த இடங்களைக் கடக்கிறதோ அந்த வரிசையில் மட்டும் நடந்தால் போதும். ஆலை முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். பவுண்டரி என்றால் உலோகம் ஊற்றும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு அந்த நேரத்துக்குப் போக வேண்டும். அதைப் பார்க்காமல் திரும்பினால் சாமி புறப்பாடு முடிந்தபின் திருவிழாவுக்குப் போனது போல இருக்கும். மூடிய காலணி கட்டாயம், நைலான் துணி கூடாது, துப்பட்டாவும் பின்னலும் இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

தள்ளுபடியான பாகங்கள் கிடக்கும் தொட்டியைக் காட்டும்படி கேளுங்கள். ஆலைக்காரர்கள் கூச்சப்படுவார்கள், பளபளப்பான இயந்திரத்தைக் காட்டத்தான் விரும்புவார்கள். ஆனால் மாணவர்கள் கற்பது அந்தத் தொட்டியில்தான். ஒரு வார்ப்பில் ஏன் காற்றுக்குமிழி விழுந்தது, ஈர மணலா, ஊற்றும் சூடு குறைவா, காற்று வெளியேறத் துளை போதவில்லையா என்று மூன்று பேர் மூன்று காரணம் சொல்லி வாதாடும்போது, இது மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் துறை அல்ல, துப்பறியும் துறை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். உடைந்த ஒரு போல்ட்டைக் கண்டால் வாங்கி வாருங்கள். திரும்பத் திரும்ப விழும் விசையால் வரும் உலோகச் சோர்வால் முறிந்த போல்ட்டின் முகப்பில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போன்ற கோடுகள் சில நேரம் கண்ணுக்கே தெரியும். விரிசல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அந்த வரிகளே சொல்லும்.

பேசுவதற்கு ஆலையின் உரிமையாளரைவிட, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன ஒரு டிப்ளமோகாரரையோ, பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியில் உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்கும் ஓர் இளம்பெண்ணையோ அழைப்பது நல்லது. உரிமையாளர் ஊக்கமாகப் பேசுவார், ஆனால் பிள்ளைகள் தம்மை அவரிடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவென்றால் ஒரு பெண் பொறியாளரோ தொழில்நுட்பப் பணியாளரோ பேசுவது மிக அவசியம். எங்கே தங்கியிருக்கிறார், இரவு ஷிப்டுக்கு வண்டி வருகிறதா, கழிவறை வசதி எப்படி என்ற கேள்விகளை அவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள், நம்மிடம் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் சற்று விலகி நிற்பது நாகரிகம்.

சம்பளத்தை மறைக்காமல் பேசுங்கள். தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும், வெப்பமும் சத்தமும் உண்டு, நிரந்தரப் பணியாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் பெரிய இடைவெளி இருக்கிறது. இவற்றை நாம் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார், அதன்பிறகு நாம் சொன்ன மற்றவற்றையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

பெற்றோரிடம் பேசுதல்

இவ்வளவு படிக்க வைத்தது லேத்துப் பட்டறைக்கு அனுப்பவா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. கையில் கரி படும் வேலையைத் தாழ்ந்ததாகப் பார்க்கும் நம் சமூகத்தின் நீண்ட பழக்கமும், மூன்று தலைமுறையாக அந்த வேலையைச் செய்து முதுகு ஒடிந்த குடும்பத்தின் நியாயமான பயமும் அதில் சேர்ந்தே இருந்தன. வாதாடி வெல்ல முயலாதீர்கள். பெற்றோரையும் ஒருநாள் அழைத்து, பிள்ளை செய்த ஊசிச் சோதனையைப் பிள்ளையே அவர்கள் முன் செய்து காட்டட்டும். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஓடும் கூடத்தையும், வெள்ளை மேலங்கி அணிந்து வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தையும் நேரில் பார்த்தால், பட்டறை என்ற சொல்லின் பொருளே அவர்களுக்கு மாறிவிடும். கணினித் துறையைத் தாழ்த்திப் பேசுவதும் வேண்டாம். அது நம் தரப்பை வலுப்படுத்துவதில்லை, போதாக்குறைக்கு அவர்கள் வீட்டின் மூத்த பிள்ளை அந்தத் துறையில்தான் இருப்பார்.

சேர்க்கை வழிகள்

ஆர்வம் வந்தபின் எங்கே போய்ச் சேர்வது என்று தெரியாமல் நின்றுவிடும் பிள்ளைகள் ஏராளம். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஐ.டி.ஐ. உண்டு, ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் ஆகியவை அடிப்படையான தொழிற்பிரிவுகள். தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.கள் அண்மை ஆண்டுகளில் ரோபோ, சி.என்.சி. போன்ற புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டிருக்கின்றன; பழைய நினைப்பில் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பு முடித்தவருக்கும் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. ஆக, ஐ.டி.ஐ. என்பது முட்டுச்சந்து அல்ல. பிளாஸ்டிக் துறையில் ஆர்வம் உள்ளவருக்குச் சென்னை கிண்டியில் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது, அங்கே பத்தாம் வகுப்புக்குப் பிறகே டிப்ளமோ படிக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவருக்கு உலோகவியல் பொறியியல் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் மாநிலக் கலந்தாய்வு வழியாகவும், திருச்சி என்.ஐ.டி.யில் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு வழியாகவும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகவும் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடும், அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்பதும் 2021 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, ஐ.டி.ஐ., டிப்ளமோ மாணவர்களுக்கும் இது உண்டு என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவருக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பேட்டரியும் துருத் தடுப்பும் அங்கே முக்கிய ஆய்வுகள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், 500 டிகிரிக்கு மேல் கொதிக்காமல் ஓடும் திரவச் சோடியத்தைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்க வேண்டிய எஃகைப் பற்றி ஆய்வு நடக்கிறது. அங்குள்ள இந்திய உலோகவியல் கழகக் கிளை பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பேராசிரியர் பிரம்ம பிரகாஷ் நினைவு வினாடி வினாவை நடத்திவருகிறது. பள்ளிக்கு அறிவிப்பு வந்தால் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல் இரண்டு பேரைத் தயார்செய்து அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நோட்டு வேண்டும். ஊசிச் சோதனையின்போது மணி அடித்த பிறகும் போகாமல் நின்று, ஒடிந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்களின் பெயர்களை அன்றே குறித்து வையுங்கள். ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு பேர்தான் தேறுவார்கள், அது போதும். பொதுத்தேர்வு முடிந்து சேர்க்கை தொடங்கும் மே மாதத்தில் அந்த வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளிப் படிப்புச் சான்று ஆகியவை கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கலந்தாய்வு விருப்பப் பட்டியலை நிரப்பும் நாளில் முடிந்தால் கூட இருங்கள். சேர்ந்துவிட்டார் என்று நோட்டை மூடிவிடாமல், முதல் பருவத் தேர்வு முடிவு வரும் வாரம் இன்னொரு முறை பேசுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளில் பலர் கணிதத்தில் தோற்பது அந்த வாரத்தில்தான், வேறு துறைக்கு மாறிவிடலாமா என்று யோசிப்பதும் அப்போதுதான். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று தொடங்காதீர்கள். ஆய்வகத்தில் இந்த மாதம் எதை உடைத்தாய் என்று கேளுங்கள். இழுவிசைச் சோதனையில் கம்பி எந்த இடத்தில் மெலிந்து முறிந்தது என்று அவன் விளக்க ஆரம்பித்தபின், கணிதத்துக்கு யாரிடம் உதவி கேட்கலாம் என்ற பேச்சுக்கு வரலாம்.